பொள்ளாச்சித் தோப்பில் நார்ஃபோக் பேய்கள்: ஒரு கதை இரவைப் பற்றி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு பண்ணை விடுதி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு உணவுடன் சேர்த்துக் கதை நிகழ்ச்சி நடத்துகிறது. கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய், சிறுவர்களுக்குப் பாதி. இம்முறை எடுத்துக்கொண்ட பொருள், இங்கிலாந்தின் பழைய பிரபுக்களின் மாளிகைகளில் உலவுவதாகச் சொல்லப்படும் ஆவிகள். நாட்டில் உள்ள எல்லாப் பேய்களையும் வரிசையாக நிறுத்தாமல், நார்ஃபோக் என்ற ஒரே மாவட்டத்தில் உள்ள இரண்டு மாளிகைகளோடு கதைசொல்லி நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு.

முதலாவது பிளிக்ளிங் மாளிகை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியும் முதலாம் எலிசபெத்தின் தாயுமான ஆன் பொலின், 1536 மே 19 அன்று லண்டன் டவர் கோட்டைக்குள் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் அதே நாள் இரவில், தலையில்லாத குதிரைகள் பூட்டிய வண்டியில், தலையில்லாத வண்டிக்காரன் ஓட்ட, தம் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிளிக்ளிங் வாசலுக்கு வந்து இறங்குவதாக அங்கே சொல்கிறார்கள். கதைசொல்லி இதைக் குரலை உயர்த்தாமல், சாவகாசமாகச் சொல்லி முடித்தார். பிறகு, அந்த அம்மையார் வந்து இறங்கும் வீடு அவர் கண்ணால் பார்த்தே இராத வீடு என்றார். பொலின் குடும்பத்தின் பழைய வீடு அங்கே இருந்தது உண்மை. ஆனால் இன்று நிற்கும் செங்கல் மாளிகை, அவர் இறந்து 80 ஆண்டுகள் கழித்து, 1616-இல் ஹென்றி ஹோபார்ட் என்ற நீதிபதி அந்த நிலத்தை வாங்கிய பிறகு எழும்பியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் பெருங்கூடத்தில் ஆன் பொலினின் புடைப்புச் சிற்பம் ஒன்றை வைத்து, அவர் இங்கே பிறந்தவர் என்று இலத்தீனில் பொறித்தும் விட்டார்கள். வீட்டுக்காரர்களே விரும்பி அழைத்துக்கொண்ட ஆவி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. இந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்றைய நிகழ்ச்சியின் சிறந்த பகுதி கதைசொல்லி திட்டமிடாததுதான். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, அந்தம்மா தேதி பாத்து வருதுங்களா, திதி பாத்து வருதுங்களா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. ஆன் பொலின் இறந்தபோது இங்கிலாந்தில் ஜூலியன் என்ற பழைய நாட்காட்டி வழக்கில் இருந்தது. 1752-இல் அந்நாடு இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பரில் 11 நாட்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அவர் இறந்த நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி பத்து நாள்தான்; ஆகவே அவர் இறந்த நாளை இன்றைய கணக்கில் வைத்தால் அது மே 29 ஆகும். அப்படியானால் மே 19 இரவில் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பவர்கள் பத்து நாள் முன்னதாகக் காத்திருக்கிறார்கள், அல்லது ஆவியும் நாட்காட்டியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். "அதைய நான் யோசிக்கவே இல்லீங்கய்யா" என்று ஒப்புக்கொண்ட கதைசொல்லி, கைப்பேசியில் தேடிப் பார்த்து இந்த விவரத்தை அங்கேயே சொன்னார். வந்தவர்களின் கேள்விக்கு இப்படி இடம் கொடுப்பவரை நம்பிப் பணம் கட்டலாம்.

அதே வீட்டில் உலவும் இன்னொருவர், கட்டியவரின் வழிவந்த மற்றொரு ஹென்றி ஹோபார்ட். 1698-இல் வாட்சண்டையில் காயம்பட்டு இறந்த அவருடைய முனகல் இன்னும் கேட்கிறதாம். இதைச் சுருக்கமாக முடித்தது சரியே.

இரண்டாவது மாளிகையான ரெய்ன்ஹாமுக்கு வந்ததும் நிகழ்ச்சி சற்றுத் தடுமாறியது. பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் தங்கையும் சார்லஸ் டவுன்ஷெண்ட் பிரபுவின் மனைவியுமான டாரதி, 1726-இல் பெரியம்மையால் இறந்தார் என்பது பதிவு; கணவர் அறையில் பூட்டிவைத்துக் கொடுமைப்படுத்தினார் என்பது ஊர்ப்பேச்சு. பழுப்புப் பட்டாடை உடுத்திய பெண் உருவமாக அவர் மாடிப்படியில் தென்படுவதாகச் சொல்கிறார்கள். 1936 செப்டம்பரில், மாளிகையைப் படம் எடுக்க வந்த இருவரில் ஒருவர், புகைபோன்ற உருவம் படியிறங்குவதாகச் சொல்ல, கேமராவின் பின்னால் இருந்த மற்றவர் எதையும் காணாமலே படம் எடுத்தார். அந்தப் படம் டிசம்பரில் கன்ட்ரி லைஃப் இதழில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. திரையில் அதைக் காட்டியபோது விளக்கை அணைத்து, ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளையும் கதவுச் சத்தமும் போட்டார்கள். இது தேவையே இல்லை. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாட விடிய விடியக் கேட்டு, படுகளத்தில் அருள் வந்து விழுபவர்களை நேரில் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களைக் கணினியிலிருந்து வரும் ஊளை என்ன செய்துவிடும்? என் அருகில் இருந்த பையன் கொட்டாவி விட்டான். ஒரே தகட்டில் இருமுறை பதிவானது, கேமராவுக்குள் ஒளி கசிந்தது என்று அந்தப் படத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களையும் யாரோ கேட்ட பிறகுதான் கதைசொல்லி சொன்னார். பிளிக்ளிங் கதையில் காட்டிய நேர்மை இங்கே தாமதமாக வந்தது.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்த டவுன்ஷெண்ட் பிரபு, 1730-இல் அரசியலை விட்டு ரெய்ன்ஹாமுக்குத் திரும்பி, கோதுமை, டர்னிப் என்ற கிழங்கு, வாற்கோதுமை, குளோவர் என்ற தீவனப் பயிர் ஆகியவற்றை மாற்றி மாற்றி விதைக்கும் நான்காண்டுப் பயிர்ச் சுழற்சியைப் பரப்பியவர். 'டர்னிப் டவுன்ஷெண்ட்' என்பதே அவருடைய பட்டப்பெயர். நிலத்தைத் தரிசாகப் போடாமல், டர்னிப்பால் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனியும் குளோவரால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கச் செய்த முறை அது. சோளமும் கொள்ளும் மாற்றி மாற்றி விதைத்த குடும்பங்களிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம், மனைவியைப் பூட்டிவைத்ததாகச் சொல்லப்படுபவரும் இந்த விவசாயியும் ஒருவரே என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு. ஊளைக்குச் செலவான நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: அரிசிம்பருப்புச் சாதம் சூடாகவும் நெய் மணத்தோடும் இருந்தது, கொள்ளு ரசத்தில் உப்பு தூக்கல். நிகழ்ச்சி தோப்புக்குள் திறந்த வெளியில் நடப்பதால் கொசுத்தொல்லை உண்டு. பாய்கள் நிறைய இருக்கின்றன, நாற்காலிகள் குறைவு. முட்டிவலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. முடிவதற்குள் இரவு நெடுநேரமாகிவிடுவதால், சொந்த வண்டி இல்லாதவர்கள் திரும்பிப் போவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். விடுதியிலேயே அறை கேட்டால் தருகிறார்கள்; அதற்குக் கட்டணம் தனி.