முதுகெலும்பு டிபி: ஆபரேஷனா, மாத்திரையா?

2024 பங்குனியில் ஒரே எம்ஆர்ஐ படத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு டாக்டர்களிடம் போனேன். முதலாமவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இந்த வாரமே ஆபரேஷன் செய்து முதுகெலும்பில் ஸ்க்ரூ போட்டுவிடலாம் என்றார். இரண்டாமவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எழுந்து குதிகாலால் நடந்து காட்டும்மா" என்றார். நடந்தேன். சிறுநீர் அடக்க முடிகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். அப்புறம்தான் படத்தைக் கையில் எடுத்தார். மாத்திரை போதும், ஆனால் ஒழுங்காக வந்து காட்ட வேண்டும் என்றார். நான் இரண்டாமவர் சொன்னதைக் கேட்டேன். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு டிபி வந்தது முதுகெலும்பின் மார்புப் பகுதியில், ஒன்பதாவது, பத்தாவது எலும்புகளில். நான்கு மாதம் வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலக் காய்ச்சலும் ஆறு கிலோ எடை குறைந்ததும்தான் ஸ்கேனில் கொண்டுபோய் விட்டன. சிடி பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்து, ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையில் டிபி என்றும், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமி என்றும் உறுதியாயிற்று. எந்த வழியில் போனாலும் இந்தச் சோதனை வேண்டும், ஏனென்றால் இதே இடத்தில் சீழ் பிடிக்க வைக்கும் வேறு பாக்டீரியாவும் வரும், அதற்கு மருந்தே வேறு.

சரி, செலவு. ஆபரேஷன் தனியாரில் லட்சக்கணக்கில் போகும். அரசு டிபி மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய், அது 2024 நவம்பரிலிருந்து 1000. இதில் அலச ஒன்றும் இல்லை. வலி குறைவதில் ஆபரேஷன்தான் வேகம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வலி அடங்க இரண்டு மாதம் பிடித்தது.

வீட்டில் இரண்டு கட்சி. ஸ்க்ரூ போட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்றார் கணவர். முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்றார் அத்தை. இரண்டுமே தப்பு. ஆபரேஷன் செய்தாலும் அதே மாத்திரைகளை அதே ஒரு வருஷம் விழுங்கத்தான் வேண்டும். கிருமியைக் கொல்வது மருந்துதான், கத்தி சீழை எடுக்கும், நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை எடுக்கும், எலும்பை நிமிர்த்திப் பிடிக்கும். அத்தையின் பயத்துக்கும் இன்று பெரிய ஆதாரம் இல்லை, தேவைப்பட்டவர்களை இதே ஆபரேஷன்தான் எழுந்து நடக்க வைக்கிறது.

இந்தக் கேள்விக்கு நம் சென்னையிலேயே பதில் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வில் ஒரு பிரிவுக்கு ஹாங்காங் முறை ஆபரேஷனோடு (முன்பக்கமாகப் போய்க் கெட்ட எலும்பை எடுத்து வேறு எலும்பை வைப்பது) ஆறு மாத மருந்து, மற்ற இரண்டு பிரிவுகளுக்கு ஆபரேஷன் இல்லாமல் நடமாடிக்கொண்டே ஆறு மாதம் அல்லது ஒன்பது மாத மருந்து. பத்து வருஷம் கழித்துப் பார்த்த முடிவு 1999ல் வந்தது: நல்ல நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 90 சதவீதம், ஆறு மாத மாத்திரைப் பிரிவில் 94, ஒன்பது மாதப் பிரிவில் 99. ஆனால் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் ஒரு விஷயம்: மாத்திரைப் பிரிவிலும் சிலருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. இன்னொன்று, பதினைந்து வயதுக்குக் கீழே, ஆரம்பத்திலேயே 30 டிகிரிக்கு மேல் கூன் விழுந்த பிள்ளைகளுக்கு அது மேலும் வளர்ந்தது. அவர்களுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் இந்தக் கூன்தான். கால் பலம் குறைந்துகொண்டே போகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டது என்றால் பேச்சே இல்லை, உடனே சர்ஜனிடம் ஓட வேண்டும். அந்த அவசரம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சும் கேள்வி, கிருமி செத்த பிறகு முதுகு எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதுதான். நோய் ஆறிவிடும், வளைவு அப்படியே தங்கிவிடும். 60 டிகிரியைத் தாண்டிய கூன், நோய் போய்ப் பல வருஷம் கழித்துக்கூட நரம்பை நசுக்கிக் காலை விழவைக்கலாம், அப்போது செய்யும் ஆபரேஷன் இப்போது செய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இதை முன்கூட்டியே கணக்குப்போட ஒரு வழி இருக்கிறது. கோவை டாக்டர் ராஜசேகரனும் சென்னை டாக்டர் சண்முகசுந்தரமும் 1987ல் வெளியிட்ட சூத்திரம் அது. எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பத்தில் பங்காக அளந்து கூட்டி, 30.54ஆல் பெருக்கி, 5.5ஐச் சேர்த்தால், ஆபரேஷன் இல்லாமல் கடைசியில் நிற்கப்போகும் கோணம் தோராயமாக வரும். எனக்கு ஒன்பதாவது எலும்பில் பத்தில் மூன்று, பத்தாவதில் பத்தில் இரண்டு, ஆக 0.5. சூத்திரப்படி கிட்டத்தட்ட 21 டிகிரி. டாக்டர் இதை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியபோதுதான் எனக்குப் பயம் தெளிந்தது. இதுவே ஒன்றரை எலும்பு கரைந்திருந்தால் 51 டிகிரி, நானே ஸ்க்ரூ போடுங்கள் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆகவே யாராவது ஆபரேஷன் என்றோ வேண்டாம் என்றோ சொன்னால், எத்தனை டிகிரி இருக்கிறது, எத்தனைக்குப் போகும் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் இரண்டாவது கருத்து வாங்குவதில் தப்பில்லை. இடுப்புப் பகுதி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், அங்கே இயற்கையாகவே உள்நோக்கிய வளைவு இருப்பதால் கூன் அவ்வளவு வெளியே தெரியாது.

மாத்திரை வழியின் பராமரிப்பு லேசானதில்லை. என் எடைக்குத் தினம் நான்கு கூட்டு மாத்திரை, முதல் இரண்டு மாதம் ஒவ்வொன்றிலும் நான்கு மருந்து, பிறகு பத்து மாதம் மூன்று மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். குமட்டல், கண் மஞ்சள், பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை ரிஃபாம்பிசினோடு சரியாக வேலை செய்யாது, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் பனியனுக்கு மேல் முதுகைத் தாங்கும் பிரேஸ் மாட்டிக்கொண்டு பள்ளியில் ஐந்து பீரியடு நின்றது தனிக்கதை. மூன்றாம் மாத எம்ஆர்ஐயில் சீழ் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது, இடிந்துபோனேன். மருந்து வேலை செய்யும்போதே படம் மோசமாகத் தெரிவது உண்டாம். என் எடை கூடிக்கொண்டிருந்தது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆகவே டாக்டர் அசையவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை, ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது.

குழந்தைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், எனக்கு அந்த அனுபவம் இல்லை. வளரும் முதுகு நோய் ஆறிய பிறகும் வளைந்துகொண்டே போகலாம் என்பதால் என் கதையை அங்கே பொருத்தாதீர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத டிபியும் அப்படித்தான், அது வேறு உலகம்.

2025 பங்குனியில் மாத்திரை முடிந்தது. கடைசி எக்ஸ்ரேயில் 19 டிகிரி. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிளவுஸ் தைக்கிற அக்கா மட்டும் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பின்பக்கம் அரை இஞ்ச் கூடியிருக்கே" என்றார். கூட்டியே தைக்கச் சொல்லிவிட்டேன்.