மஸ்கட்டில் கப்பல் நிற்கும்போது டூர் புக் பண்றவங்க கவனிங்க: எங்க 22,000 ரூபாய் போச்சு

துபாய்ல ஏறின கப்பல் இப்போ மஸ்கட்ல நிக்குது. வயித்தெரிச்சல் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

கப்பல்காரங்க விக்கிற டூர் யானை விலை. அதனால கப்பல் பயணிகளுக்குன்னே டூர் விக்கிற ஒரு வெப்சைட்ல நாலு பேருக்கு 22,000 ரூபாய் முழுசா கட்டினோம். சுல்தான் காபூஸ் பெரிய மசூதி, அல் ஆலம் அரண்மனை, மத்ரா சூக்ங்கிற பழைய சந்தை. நேத்து ராத்திரி அந்த வெப்சைட்லேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டார், நல்ல தமிழ்ல. "அண்ணா, அப்பாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்களே, ஏறி இறங்கத் தோதான வண்டியா அனுப்பறேன். அம்மாவை மசூதிக்குத் தலையை மூடத் துணி எடுத்துக்கச் சொல்லுங்க." இப்படிப் பேசினா யாருக்குச் சந்தேகம் வரும்?

எட்டரைக்குக் கப்பல் வாசல்லயே போர்டோட ஆள் நிப்பாராம். யாரும் இல்ல. துறைமுகத்துக்குள்ள நடக்க விடமாட்டாங்க, ஷட்டில் பஸ்ல ஏத்தி கேட்ல விட்டாங்க. அங்கேயும் இல்ல. பாஸ் இல்லாத வண்டி உள்ளேயே வராதுன்னார் காவலாளி. வாட்ஸ்ஆப்ல கேட்டா "பத்து நிமிஷம் அண்ணா". அப்புறம் "டிராஃபிக் அண்ணா". அப்புறம் நீல டிக் மட்டும்.

அந்த மசூதிக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்களை காலை 8லிருந்து 11 வரைதான் விடுவாங்க, வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. இருக்கிறதோ ஊரோட இன்னொரு கோடியில. 600 பெண்கள் நாலு வருஷம் நெய்த கம்பளத்தைப் பார்க்கணும்னுதான் அப்பா வந்ததே. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோட கார்னிஷ்ங்கிற கடலோர ரோட்டுத் திண்டுல வெயில்ல உட்கார்ந்துட்டு, பத்தே முக்காலுக்கு வாட்சைக் கழட்டிப் பையில போட்டுட்டார்.

புகாருக்கு வந்த பதில்: "பயணி வரவில்லை. பணம் திரும்பக் கிடையாது." கேட்ல எடுத்த போட்டோவை நேரத்தோட அனுப்பினேன். "ஓட்டுநர் உள்ளே காத்திருந்தார்." உள்ளேயா?! திரும்பக் கேட்டா அதே வரி காப்பி பேஸ்ட். கடைசியா எங்கள் சேவைக்கு ஸ்டார் கொடுங்கள்னு ஒரு மெசேஜ். 22,000 ரூபாயை முழுங்கிட்டு ஸ்டார் வேற!

போறவங்களுக்கு விவரமா எழுதணும்னு நெனச்சேன், நேரமில்ல. சந்திக்கிற இடம் "கப்பல் வாசல்"னு போட்டிருந்தா, துறைமுக பாஸ் இருக்கான்னு எழுத்துல கேளுங்க. முழுப் பணத்தையும் முன்கூட்டி கட்டாதீங்க. மத்ரா சூக்குக்கு டூரே வேண்டாம், கேட்லேர்ந்து கார்னிஷ் ஓரமா நடந்துடலாம். டாக்ஸின்னா ரேட்டு ஆளுக்கா வண்டிக்கான்னு ஏறும் முன்னாடியே பேசிடுங்க.

கப்பல் கிளம்பப் போகுது, சிக்னல் போறதுக்குள்ள பேங்குக்குப் புகார் அனுப்பணும்.