வலிப்பு மாத்திரையும் தலைமுடியும்: பல வருட அனுபவம்

கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிட்டு வருகிறேன். இப்போது வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. இந்த மாத்திரையால் முடி கொட்டுமா என்று கேட்டால், கொட்டும். எனக்குக் கொட்டியது. அப்புறம் திரும்ப முளைத்தது. மாத்திரையை இன்றும் விடவில்லை. கொட்டிய முடி திரும்ப வரும், அதற்காக மாத்திரையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை என்பது தெரியாமல், பயத்தில் தானாகவே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தவர்களை நரம்பியல் பிரிவின் வரிசையில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது இளம்பருவத்தில் தொடங்கும் மயோக்ளோனிக் வலிப்பு. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கைகள் திடீரென வெட்டி இழுக்கும். பல் தேய்க்கும் பிரஷ் எகிறும், காபி டம்ளர் தெறிக்கும். தூக்கக் கலக்கம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள், ஒரு நாள் முழு வலிப்பாக வந்து கீழே விழும்வரை. இந்த வகை வலிப்பு பெரும்பாலானவர்களுக்கு மருந்தில் நன்றாகக் கட்டுப்படும். மருந்தை விட்டால் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். டாக்டர் எழுதிக்கொடுத்தது காலையில் 300, இரவில் 300 மில்லிகிராம். சில வாரங்களில் கைவெட்டு நின்றது. அன்றிலிருந்து இந்த மருந்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1882-லேயே தயாரிக்கப்பட்ட பொருள் இது. பல பத்தாண்டுகள் வெறும் கரைப்பானாகத்தான் கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வேறு பொருள்களை இதில் கரைத்துச் சோதித்தபோதுதான், வலிப்பை அடக்கியது கரைந்த பொருள் இல்லை, கரைத்த திரவமே என்று கண்டுபிடித்தார்கள். 1967-ல் அங்கே மருந்தாக விற்பனைக்கு வந்தது.

முதல் சில வருடங்கள் முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எடை கூடியது, விரல் நுனியில் லேசான நடுக்கம் வந்தது, அவ்வளவுதான். மாற்றம் வந்தது தங்கை கல்யாணத்துக்குப் பிறகு. மண்டபத்தில் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூக்கமில்லை. மறுநாள் காலை வலிப்பு. டாக்டர் அளவை இரண்டு வேளையும் 500 ஆக ஏற்றினார்.

கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத் தலையணையில் முடி கிடந்தது. துண்டில் துவட்டினால் துண்டு முழுக்க. குளியலறை ஜாலியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கையை விட்டு எடுத்தால் ஒரு உருண்டை. வீட்டில் எல்லாரும் போர் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில்தான் அம்மாவும் அப்பாவும் தலை குளிக்கிறார்கள், அவர்களுக்குக் கொட்டவில்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. வெந்தயம் ஊறவைத்து அரைத்துப் போட்டார் அம்மா. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய் எல்லாம் நடந்தது. மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. காரணம் அந்த இடைவெளிதான். இன்று சாப்பிட்டு நாளை தடிப்பு வந்தால் மாத்திரை என்று உடனே தெரியும். மூன்று மாதம் கழித்து வருவதை யார் கோர்த்துப் பார்ப்பார்கள்?

தோல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்தது தம்பி?" என்பதுதான். புது மருந்தா, அளவு மாற்றமா, காய்ச்சலா, ஆபரேஷனா, கடும் டயட்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சுமார் ஐம்பது முடியைச் சேர்த்து விரல்களுக்கு நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்தார். கையோடு வந்தவற்றை ஒரு கறுப்புத் தாளில் வைத்து லென்ஸில் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முனை. "வேரோட பிடுங்கிட்டு வருதுன்னு பயப்படாதீங்க. வளர்ச்சி முடிஞ்சு ஓய்வுக்குப் போன முடி இது. இதோட அடி இப்படித்தான் இருக்கும். முளைக்கிற இடம் உள்ளே பத்திரமா இருக்கு" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலையில் இருக்கும் முடியில் பத்தில் எட்டரை முதல் ஒன்பது பங்கு எப்போதும் வளரும் நிலையில் இருக்கும். அந்த நிலை சில வருடங்கள் நீடிக்கும். மீதி ஓய்வு நிலையில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு உதிரும். நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி போவது எல்லாருக்கும் நடப்பது. சில மருந்துகள், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பகுதியை நேரத்துக்கு முன்பே ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை உடனே விழாது. ஓய்வுக் காலம் முடிந்து ஒரே சமயத்தில் விழும். டெலோஜன் எஃப்லூவியம் என்று இதற்குப் பெயர். தலை முழுக்கப் பரவலாக மெலியும். வட்ட வட்டமாகச் சொட்டை விழாது. கீமோதெரபியில் நடப்பது வேறு: அங்கே வளரும் முடியே நேரடியாக அடிபடுவதால் சில வாரங்களிலேயே கொட்டிவிடும்.

வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முடி மெலிகிறது. அளவு கூடினால் வாய்ப்பும் கூடும். 600-ல் ஒன்றும் ஆகாமல் 1000-ல் எனக்குக் கொட்டியதும் அதோடு பொருந்தியது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத் துத்தநாகம், செலினியம் என்ற தாதுக்களும் பயோட்டின் என்ற வைட்டமினும் குறைவதுதான் என்று பல விளக்கம் சொல்கிறார்கள். எதுவும் அறுதியாக நிரூபணமாகவில்லை.

தோல் டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார்: மாத்திரையில் கைவைக்காதே, நரம்பு டாக்டரிடம் போ. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் விட்டுவிட்டு வரும் வலிப்பு விடாத வலிப்பாக மாறலாம். அது உயிருக்கே ஆபத்து. நரம்பு டாக்டர் ரத்தத்தில் மருந்தின் அளவு, கல்லீரல், தட்டணுக்கள், தைராய்டு, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எல்லாம் பார்த்தார். பிறகு லெவெடிராசிட்டாம் என்ற இன்னொரு மருந்தை மெல்லச் சேர்த்து, வால்ப்ரோயேட்டைப் பழைய அளவுக்கு மெல்லக் குறைத்தார். இது சுகமான காலமாக இல்லை. லெவெடிராசிட்டாம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், எனக்கும் கிளப்பியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் சத்தம் போட்டேன். இரண்டு மாதத்தில் அது அடங்கியது.

முடி கொட்டுவது குறையவே மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. கண்ணுக்குத் தெரியும்படி அடர்த்தி திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம். முதலில் கவனித்தவர் வழக்கமாக முடி வெட்டும் சலூன் அண்ணன். "தம்பி, உங்களுக்குக் கோரை முடியாச்சே, இப்ப என்ன சுருள் சுருளா வருது?" என்றார். வால்ப்ரோயேட்டில் கொட்டி முளைக்கும் முடி சிலருக்கு அலையாகவோ சுருட்டையாகவோ வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். எனக்கு இன்றும் பின்தலையில் அலைதான்.

அடுத்து சப்ளிமென்ட். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடி கொட்டிய காலத்தில் மச்சான் வெளிநாட்டிலிருந்து பயோட்டின் கம்மி (மிட்டாய் போல மென்று சாப்பிடும் மாத்திரை) பாட்டில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்துக் கணக்கு. அதாவது 300 மடங்குக்கும் மேல். பயோட்டின் குறைபாடு உள்ளவருக்கு அது உதவும். ஆனால் அந்தக் குறைபாடே அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எனக்கும் கொட்டுவது ஒரு முடிகூடக் குறையவில்லை.

அதைவிட மோசமானது தைராய்டு ரிப்போர்ட்டில் நடந்தது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்ஹெச் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 ஏறியிருந்தது. பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் போலவே இருக்கும். அந்த நோயாலும் முடி கொட்டும் என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. மருந்து எழுதும் முன் நரம்பு டாக்டர் கேட்டார், "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" கம்மியைச் சொன்னேன். நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தது. பல லேப்களில் தைராய்டு பரிசோதனை பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்தும் முறையில் நடக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக ஓடினால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இப்படிப் பொய்யாகக் குறைந்து காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. அப்படித் தவறிய ஒரு ட்ரோபோனின் பரிசோதனையோடு தொடர்புடைய மரணமும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. லேப்பில் ரத்தம் எடுக்கும்போது சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள், பயோட்டின் பற்றிக் கேட்பதில்லை. இது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

பயோட்டினாவது முடியைக் கொட்டவைக்காது. கூடிப்போனால் கொட்டவே வைக்கும் சத்துகள் இரண்டு, முடி மாத்திரை அட்டைகளிலேயே இருக்கின்றன. ஒன்று வைட்டமின் ஏ. பெரியவர்களுக்கு ரெட்டினாலாக நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் உச்சவரம்பு. மல்ட்டிவைட்டமின், மீன் ஈரல் எண்ணெய், முடி மாத்திரை மூன்றையும் சேர்த்தால் தொடர்ந்து அதைத் தாண்டுவது கஷ்டமில்லை. இன்னொன்று செலினியம். தேவை 55 மைக்ரோகிராம், உச்சவரம்பு 400. 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவ சப்ளிமென்ட்டில் தவறுதலாக, லேபிளில் போட்டதைப்போல சுமார் 200 மடங்கு செலினியம் கலந்துபோய், 200 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். முடி கொட்டியது, நகம் நிறம் மாறி உடைந்தது. நம் நாட்டிலேயே 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்துக் கிராமங்களில் சில நாளிலேயே பலருக்குத் தலை மொட்டையானது. தேள்கடி சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் ஆராய்ந்து, ரேஷன் கோதுமையில் இருந்த அதிக செலினியத்தைக் காரணமாகச் சுட்டினார். சத்துதானே, கூடினால் நல்லதுதானே என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்பதற்கு எனக்கு இதுவே போதும். வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்குத் துத்தநாகமும் செலினியமும் எழுதிக்கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. அளவு பார்த்து எழுதுவது வேறு, நாமாக நாலு பாட்டில் திறப்பது வேறு.

ஜிம்மில், தசைக்காகச் சாப்பிடும் கிரியாட்டின் பொடியால் முடி கொட்டுமா என்று கேட்கிறார்கள். 2009-ல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் நடந்த சின்ன ஆய்வில் வழுக்கையோடு தொடர்புள்ள டிஹெச்டி என்ற ஹார்மோன் ஏறியது, அவ்வளவே. யாருடைய முடியையும் அவர்கள் அளக்கவில்லை. தசை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு கதை. வழுக்கை பரம்பரையாக உள்ளவருக்கு அது நிஜமாகவே வேகப்படுத்தும்.

மற்ற மருந்துகளில் லித்தியம், வார்ஃபரின், ஹெப்பரின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், மெத்தோட்ரெக்ஸேட், தைராய்டைக் குறைக்கும் கார்பிமசோல், சில பிபி மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் சிலருக்கு முடியை மெலியவைக்கும். கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் கொட்டுவதும் உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடவும் கூடாது. அக்காவுக்கு டெங்கு வந்து மூன்று மாதம் கழித்துக் கொட்டியபோது, பாராசிட்டமால்தான் காரணம் என்று பாராசிட்டமாலையே ஒதுக்கி வைத்தாள். கொட்டவைத்தது காய்ச்சல். டெங்கு, கொரோனா, டைபாய்டு எதற்குப் பிறகும் இப்படி நடக்கும், தானாகவே திரும்பவும் வரும்.

பெண்களுக்கு ஒன்று தனியாக. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் குழந்தையின் உடல் அமைப்பையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இந்த மருந்தில் இருந்தால், முடியைவிட முதலில் டாக்டரிடம் பேச வேண்டியது அதைத்தான். அங்கேயும் தானாக நிறுத்தக் கூடாது.

யாராவது இப்போது கேட்டால், டாக்டரிடம் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன்: என்ன மாத்திரை, எவ்வளவு, எந்த மாதம் தொடங்கியது, எந்த மாதம் அளவு மாறியது. கூடவே பொடி, கம்மி, புரோட்டீன் டப்பா எல்லாவற்றையும். அட்டைகளையே பையில் போட்டு எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

எனக்கு இப்போது நெற்றியின் இரு ஓரமும் மெல்ல ஏறுகிறது. அப்பாவின் பழைய போட்டோவில் அவருக்கும் இதே வடிவம்தான், அவர் வால்ப்ரோயேட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தோல் டாக்டரும் இது பரம்பரைதான் என்கிறார். வேண்டுமானால் மினாக்ஸிடில் தொடங்கலாம், முதல் சில வாரம் கொட்டுவது கூடும், பயப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதுவும் ரத்த அழுத்தத்துக்காக வந்து, பக்கவிளைவாக முடி முளைத்ததால் தலைக்கு மாறிய மருந்து. அடுத்த மாதம் நரம்பு டாக்டரைப் பார்க்கிறேன். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவதாக இருக்கிறேன்.