நாள் தெரியாத சர்வர்: ஏற்காட்டில் நான்கு ஆண்டுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் நண்பர், "உங்களிடம் இருப்பது போன்ற சின்ன சர்வர் பெட்டி எங்களுக்கும் போதுமா?" என்று போன வாரம் கேட்டார். அவர் அழைத்த நேரத்தில் அதே பெட்டியைப் பிரித்துப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அதன் இணைப்பு ஊசிகளை (பின்களை) தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பதால், இதில் கோபம் சற்றுத் தூக்கலாகத் தெரியலாம்.

எங்கள் காப்பித் தோட்ட அலுவலகத்தில், கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லில் இயங்கும் ஒற்றைப் பலகைக் கணினிதான் நான்கு ஆண்டுகளாக சர்வர், அதாவது எல்லாருடைய கோப்புகளையும் கணக்கையும் வைத்திருக்கும் பொதுக் கணினி. அதற்கு முன்பிருந்த மேசைக் கணினி 70 வாட் இழுத்து இரவும் பகலும் ஓடியதில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஆனது; அப்போது வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தந்த மின்சாரம் முழுவதும் அவ்வளவுதான். இதுவோ 5 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால், அதே இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் போதும். மேசைக் கணினியைப் பத்து நிமிடம் தாங்கிய யுபிஎஸ் இதை இரண்டு மணி நேரம் தாங்குகிறது. மெமரி கார்டை நம்பாமல் முதல் மாதமே எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாறிவிட்டதால் ஒரு கோப்பும் தொலையவில்லை. நான்கு பேர் வேலைக்கு வேகமும் தாராளம்.

தீராத எரிச்சல் ஒன்றுதான். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியிலேயே, மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரிக் கடிகாரம் இருந்தது. என் பலகையில் அது இல்லை. அணைவதற்கு முன் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே விழித்து, இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். சேலத்தில் இது ஒரு நிமிட விஷயம். இங்கே ஒரு சில்வர் ஓக் சாய்ந்தால் மின்கம்பியும் இணையக் கம்பியும் சேர்ந்தே அறுந்துவிடும்; மின்சாரம் மறுநாள் வரும், இணையம் இன்னும் இரண்டு நாள் கழித்து வரும். முதல் ஆண்டு டிசம்பரில், பறிப்பு மும்முரத்தின்போது, திங்கள் நண்பகலில் அணைந்த சர்வர் செவ்வாய் நண்பகலில் எழுந்தது. அதன் கணக்கில் அப்போதும் திங்கள்தான். அன்று மாலை எடை போட்ட பழம் முழுவதும் முந்தைய நாள் கணக்கில் ஏறியது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம், கணினிக்குக் கிழமை தெரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

சில நூறு ரூபாய்க்கு டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை வாங்கிச் சொருகினேன். ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பெரிதாகப் பிசகாத அருமையான சில்லு அது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பனிமூட்டம் சன்னல் வழியாக அலுவலகத்துக்குள்ளேயே வந்து உட்காரும். பின்களில் பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுப்போக, சென்ற வார மின்வெட்டுக்குப் பிறகு மீண்டும் பழைய தேதி.

ஆகவே நண்பரிடம் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய பில்லிங் மென்பொருள் சாதாரண விண்டோஸ் கணினிக்கு எழுதப்பட்டது; ஆர்ம் பலகையில் அப்படியே ஓடாது. இன்டெல் என்100 சில்லுள்ள மினி பிசி போதும். அந்தச் சில்லின் மின்செலவு வரையறை 6 வாட்தான், கடிகாரமும் உள்ளேயே இருக்கும். "அப்படியானால் நீங்களும் மாற்றுகிறீர்களா?" என்று கேட்டார். கடிகாரப் பலகை இன்னும் இரண்டு ஆர்டர் போட்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை.