எந்தப் புதூர்?

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். திருச்சியிலிருந்து என் கொள்ளுத்தாத்தாவின் ஊருக்குப் போய்ச் சேர ஒன்பது நாள்.

கையில் இருந்தவை இரண்டே. "திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுக்கா, புதூர்" என்று தாத்தா நோட்டில் எழுதிவைத்த ஒரு வரி. "தாது வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறினாங்க" என்று அத்தை சொன்ன ஒரு பேச்சு. தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருந்த பெரியப்பா மகன், வம்சாவளியில் 1876 என்று போட்டேவிட்டான். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆறு வயதில் அப்பாவோடு கப்பலில் வந்த எங்கள் தாத்தா 1998 வரை இருந்தார். ஆக, அது அடுத்த தாது, 1936.

முதல் நாள் திருச்சியில் வீண். பிழை என்னுடையதுதான். பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2007-லிருந்து அரியலூர் தனி மாவட்டம். உடையார்பாளையம் இப்போது அங்கே. அரியலூருக்குப் போனது திங்கட்கிழமை, குறைதீர் நாள். மனுவும் கையுமாக வராந்தா முழுக்கக் கூட்டம். தாத்தாவின் பிறப்புப் பதிவு கேட்டேன். "அந்தக் காலத்துப் பதிவுல பேரே இருக்காது சார், ஆண் குழந்தைன்னு மட்டும்தான் இருக்கும்" என்றார் ஊழியர். அதற்கும் ஊர் சரியாகத் தெரிய வேண்டும்.

இ-சேவை மையத்தில் இருந்த பெண்தான் முதலில் முடிச்சை அவிழ்த்தார். மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்து, கிராமப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்ற புதூர் இதுல இல்லைண்ணா. குக்கிராமமா இருக்கும். வருவாய்க் கிராமத்துப் பேரு வேறயா இருக்கும்" என்றார். அது எந்த வருவாய்க் கிராமத்தில் சேரும் என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

அன்றிரவு அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு பழைய கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினார். ஐம்பதுகளில் வந்தது. பின்பக்கம் அனுப்பியவர் முகவரி: மேலத் தெரு, புதூர், இன்ன அஞ்சல், வழி ஜெயங்கொண்டம். அஞ்சலகத்தின் பெயர் கிடைத்ததும் ஊர் கிடைத்த மாதிரிதான். எழுதியவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. மலாயாவுக்கு வராதவர் என்பதால் எங்கள் வம்சாவளியில் அவருக்கு ஒரு கோடுகூட இல்லை! கப்பலேறியவருக்கு ஊரில் நிலமும் இல்லை, தாளும் இல்லை. எதுவானாலும் தங்கிப்போன தம்பி பேரில்தானே இருக்கும்? அதன்பின் அவரைத்தான் தேடினேன்.

கிராம நிர்வாக அலுவலருக்கு மூன்று கிராமம் பொறுப்பு. தேடிப்போன மூன்றாம் நாள்தான் கிடைத்தார். அதற்குள் கிராம உதவியாளரிடம் விவரம் சொல்லி, தம்பி பேரில் பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். "நிலத்துல பங்கு கேட்டு வந்திருக்கீங்களா?" என்றார். அவ்வளவுதான், டீக்கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. முதல் கேள்வியே பட்டாவாக இருந்திருக்கக் கூடாது. மறுநாள் நிலத்தை விட்டுவிட்டுக் குலதெய்வத்தைக் கேட்டேன். பேச்சு தானாக வந்தது.

கோயில் பெரியவர், கோயிலுக்குக் குடும்பவாரியாக வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டுகளைத் துணிப்பையோடு எடுத்து வந்தார். அட்டை கிழிந்த நோட்டு ஒன்றில் தம்பியின் பெயர், அதன் கீழே அவர் மகன் பெயர். என் தாத்தாவின் பெயரேதான். அண்ணன், தம்பி இருவருமே தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். கடித முகவரியும் இந்தப் பெயரும் ஒத்துப்போன பிறகுதான் எனக்குச் சந்தேகம் விட்டது. அப்புறம் பார்த்த கூட்டுப் பட்டாவில், இறந்து எத்தனையோ வருஷமான அந்தத் தம்பிதான் இன்னும் முதல் பெயர்.

பெரியவர் என்னையும் ஒரு தலைக்கட்டாக எழுதிக்கொண்டு, "கப்பலேறின நாள்லேர்ந்து உங்க வீட்டு வரி பாக்கி இருக்கே தம்பி" என்றார். இந்த வருஷத்துக்கு மட்டும் கட்டினேன்.