இதய மறுவாழ்வுப் பிரிவு: நடக்க வைக்கிறார்கள், உட்காருவதைக் கேட்பதில்லை

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) பொருத்திக்கொண்ட என் தந்தையைச் சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவில் சேர்த்திருந்தோம். 2020 ஊரடங்கில் நின்றுபோன அவருடைய காலை நடை, தொற்று அடங்கிய பிறகும் திரும்பவில்லை. செய்தித்தாள், தொலைக்காட்சி, மதியத் தூக்கம் என்று பகல் முழுவதும் சாய்வு நாற்காலியிலேயே கழிந்துவந்தது.

முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்தார்கள். நீண்ட நடைக்கூடத்தில் இரு கூம்புகளுக்கிடையே அவருடைய வேகத்திலேயே நடக்கவிட்டு, கடந்த தூரத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொண்டார்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று விளக்கிய பிசியோதெரபிஸ்ட், 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்சபட்ச சிரமம்) வரையிலான போர்க் (Borg) அளவுகோலில் சிரமத்தை அவரையே மதிப்பிடச் சொன்னார். “ஐயா, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா?” என்று அவர் இடையிடையே கேட்டது, மூச்சு வாங்கினாலே மாரடைப்பு என்று பயந்திருந்த தந்தைக்கு மருந்தைவிட அதிகம் உதவியது.

குறை ஒன்றுண்டு. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் சொல்கிறது. இங்கோ ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்ததும், எஞ்சிய நாளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. (அரை மணிக்கொருமுறை எழுந்து நடக்கும் ஏற்பாட்டை வீட்டில் அம்மாதான் செய்தார்.) கட்டணம் சற்று அதிகம், எங்கள் காப்பீடு அதை ஏற்கவில்லை. ஆயினும் அண்மையில் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டு, நடக்கவே அஞ்சுபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாகனம் நிறுத்த இடமில்லை என்பதால் ஆட்டோவில் செல்வதே உத்தமம்.