பீரங்கி நல்லதுதான், அந்தத் துளைதான்...

மயில் விரட்ட வயலில் வைக்கும் கேஸ் பீரங்கியை (கேஸைப் பற்றவைத்து வேட்டுச் சத்தம் மட்டும் போடும் குழல்) நேற்று மறுபடி பிரித்து மாட்டினேன். இந்த முறையும் குளவிதான்.

பீரங்கியின் பின்பக்கம் காற்று இழுக்கும் துளை ஒன்று உண்டு, சுண்டுவிரல் நுழையும். மக்காச்சோளம் அறுத்த பிறகு கொட்டகையில் சும்மா கிடந்தால் போதும், குளவி அதில் மண்ணைப் பூசி அடைத்துவிடும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் மண்ணோடு சிலந்திகளும் உதிர்கின்றன. சாகவில்லை, கொட்டு வாங்கி மரத்துப்போய்க் கிடக்கின்றன. குளவி தன் புழுவுக்குச் சேர்த்து வைத்த தீனி அது.

துளை அடைத்தால் கேஸ் வரும், 'டிக்' என்று லைட்டரும் தட்டும், வேட்டு மட்டும் வராது. காற்றில் எல்பிஜி சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். கேஸ் கூடிப்போனாலும் பற்றாது. இது தெரியாமல் நல்ல லைட்டரைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அதற்காக 'டிக்' சத்தத்தை அப்படியே நம்பவும் முடியாது. லைட்டர் முனையைச் சுற்றியுள்ள பீங்கானில் கரி படிந்தால் பொறி முனையில் தாவாமல் கரி வழியே ஓடிவிடும், சத்தம் அதேதான். சிலிண்டரைக் கழற்றித் தள்ளி வைத்து, குழலை வெளியே நன்றாகக் கவிழ்த்து (கேஸ் காற்றைவிடக் கனம், உள்ளேயே தங்கும்), அப்புறம் நிழலில் வைத்துத் தட்டினால் நீலப் பொறி தெரியும்.

துளைக்கு ஒரு ரப்பர் மூடி கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? கொசுவலை கட்டினால் தூசி அப்பி, காற்று போதாமல் வேட்டு 'புஸ்' என்கிறது. துணி திணித்து, கண்ணில் படச் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மற்றபடி குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தகடு துருப்பிடிக்கவில்லை. டியூப், வாஷர், லைட்டர் எல்லாம் அடுப்பு ரிப்பேர் கடையிலேயே கிடைக்கிறது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கை வைக்க முடியாது, சத்தம் போட்டுத்தான் விரட்ட வேண்டும். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு வெடிக்கும் கார்பைடு பைப் பக்கம் போகவே வேண்டாம். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் அதனால் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணில் காயம்! கேஸ் பீரங்கிக்கு ஆள் கிட்டத்தில் நிற்கத் தேவையில்லை. ஆனால் ஒரே வரப்பில் விட்டால் மயில் பழகிவிடும், வேட்டு போட்டாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கதிரைக் கொத்தும். இடத்தையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை வாங்கலாமா என்று கேட்கிறார். வேண்டாங்க மாப்பிள்ளை. துளையைத் திறந்து போட்டு விற்கிறவனுக்கு உங்கள் காசும் போக வேண்டாம். உங்கள் சோளம் பால் பிடிக்கும்போது என்னுடையதை எடுத்துப்போங்கள். துணியை உருவிவிட்டுச் சிலிண்டரைத் திறங்கள்.